சம்பந்தியின் இரண்டு விரல்கள்

தராசுக் கம்பெனி மேனேஜர் ஓர் அலுமினிய மூடியின் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தார். நாடாவோடு பெயிண்டும் வந்தது. அடியில் பளபளவென்று இரண்டு நீள்வட்டங்கள். ஒன்று கட்டைவிரல் அளவு, மற்றது ஆள்காட்டி விரல் அளவு.

"நாப்பது மூடிக்கும் திரும்பப் பெயிண்ட் அடிங்க. வியாழக்கிழமை வந்து இழுத்துப் பாப்பேன். அப்பவும் உரிஞ்சா வேற ஆளைத்தான் பாக்கணும்."

பெயிண்டரின் கையில் இருந்த ஒரே பெரிய வேலை அது. குற்றவாளி யாரென்று துப்புத் துலக்க வேண்டிய அவசியமே இல்லை. பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் பெயிண்டர். இன்னொருவர் சம்பந்தி.

பெயிண்டர் தன் மகளை அவர் வீட்டில் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. துணிக்கடையில் நாற்பது வருடம் விற்பனைக்கு நின்று ஓய்வு பெற்ற சம்பந்தி, வீட்டில் பொழுது போகாமல் ஒரு மாதமாக ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தார். எதைக் கண்டாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கதவைத் தேய்ப்பார், செய்தித்தாளைத் தேய்ப்பார். ஒருமுறை நடுத்தெருவில் ஒரு போலீஸ்காரரின் காலரைத் தேய்த்து, "சாயம் போகாது, தைரியமா போடுங்க" என்று சான்றிதழ் வழங்கியதாகக் கேள்வி.

வெறும் அலுமினியமோ புதுப்பெண்ணை விடக் கூச்சம் பிடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்த பிறகு விரல் பட்டால் தொலைந்தது; கண்ணுக்குத் தெரியாத பிசுக்கின் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. பெயிண்டர் துடைத்து அடுக்கிவிட்டு அடிப்பூச்சுக்கு ப்ரைமர் கலக்கத் திரும்புவார். அதற்குள் சம்பந்தி ஒன்று விடாமல் தடவிக்கொடுத்து, "நல்ல சரக்கு" என்று தலையாட்டியிருப்பார்.

வேறு ஆளாக இருந்தால் பெயிண்டர் போடுகிற சத்தத்தில் கூரைத் தகடு பக்கத்து ஊரில் போய் விழுந்திருக்கும். சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? இங்கே சொல்லும் 'தொடாதீங்க', அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 'கையை ஒடிப்பேன்' என்று ஆகியிருக்கும். பேச்சு கேட்கப்போவது மகள்தான். இரண்டு நாள் யோசித்ததில் தலைமுடி பாதி கொட்டிவிட்டது. மீதியும் எப்போது போகலாம் என்று காத்திருந்தது.

அடையாளத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு, மற்ற மூடிகளின் பெயிண்டை உரித்துத் தேய்த்து முடித்த அன்று, தேன் தடவிப் பேச ஆரம்பித்தார்.

"சம்பந்தி, மேல் கோட்டிங்ல காத்தைக் குறைச்சு, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடிச்சு, புள்ளி புள்ளியா அடிக்கப்போறேன். குளிர்ல உடம்பு சிலிர்த்த மாதிரி லேசா சொரசொரன்னு நிக்கும். எல்லாம் ஒண்ணுபோல இருக்கான்னு உங்க விரலுக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் இந்த வெறும் தகட்டுல விரலை வீணாக்காதீங்க."

சம்பந்தி சிரித்துவிட்டார். "விக்கிறதையே தொழிலா வச்சிருந்தவன்கிட்டயே விக்கிறீங்களே. விஷயத்தைச் சொல்லுங்க."

பெயிண்டர் உரிந்த மூடியை எடுத்து நீட்டினார். சம்பந்தி தன் விரல்களை அந்த வட்டங்களின் மேல் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அன்று பெயிண்டர் மகளுக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்று முறையும் அங்கே மழை வருமா என்று மட்டும் விசாரித்து வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சம்பந்தி வழக்கமான நேரத்துக்கு வந்தார், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டு. பெயிண்டர் அந்த அடையாள மூடியையும் உரித்துத் தேய்த்து, எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை துடைத்து, ப்ரைமர் அடித்து, நிறம் அடித்து, மேலே புள்ளியும் அடித்து, எல்லாம் காய்கிற வரை அந்தக் கைகள் வெளியே வரவில்லை. காய்ந்ததும் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவியவர், மூன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது ஆகாது. ஓரத்துல வழுக்குது."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதை இவர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டாரே என்று பெயிண்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாப்பதையும் தடவித் தடவிக் கெடுத்தது நீங்க. இப்ப என் வேலையில நொட்டை சொல்றீங்களா? போய் அந்தப் பக்கம் உக்காருங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது யாரிடம் என்று உறைத்தது.

"உக்காரலாம்," என்றார் சம்பந்தி, அசையாமல். "முதல்ல இதைப் பாருங்க."

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார் பெயிண்டர். ஓரத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மழமழவென்று கிடந்தன. கன்னைக் கிட்டே கொண்டுபோன அவசரம். மூன்றையும் தேய்த்து மறுபடி அடித்தார்.

வியாழக்கிழமை மேனேஜர் இழுத்த நாடா வெறும் நாடாவாகவே வந்தது. மூடிகளை ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் மகளின் போன்.

"அப்பா, மாமாவைத் திட்டினீங்களாமே? தெரு பூரா சொல்லிட்டிருக்கார்."

"கோவமாவா?" என்றார் பெயிண்டர்.

"கோவமா? எத்தனை நாளைக்கு விருந்தாளியாவே வச்சிருப்பாங்களோன்னு இருந்ததாம். இப்பத்தான் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கன்னு ஒரே பெருமைப்பா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கச் சொன்னார்."

பெயிண்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எட்டரை," என்றார். "லேட்டா வந்தா திட்டுவேன்னு சொல்லு."