அழாத பிள்ளை

எஸ்டேட் வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காளிமுத்து, எஸ்டேட் கிளார்க்கான என் பையைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"கிராணி ஐயா, இன்னிக்கும் புட்டா?"

"பிள்ளைக்கு. ஆஸ்பத்திரியில இருக்கிறாள். போன கிழமையும் சொன்னனான்."

"தெரியும்லா. ஆனா சாப்பாடு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்குப் போயிடுமாம்."

"காட்டுக்குள்ள இருக்கிறவன் சீனி போட்ட புட்டுக்கோ சண்டை பிடிக்கிறான்?"

"அதத் துரைகிட்ட கேளுங்க. நாங்க வீணாக்க மாட்டோம், பயப்படாதீங்க."

வீணாக்கவில்லை. பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, சீருடைக்காரர்கள் இருவர் என் வாழையிலைப் பொட்டலத்தின்மேல் குனிந்திருந்தார்கள்.

வழக்கமாக மஸ்ஜித் தானா ஊருக்கு அப்பால் இன்னொரு சோதனை இருக்கும். எல்லாரும் இறங்க வேண்டும். பால்மாவு டின், கருவாட்டுப் பொட்டலம், கிழவிகளின் வெற்றிலைப் பை, ஒன்றையும் விடமாட்டார்கள். தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பார்வை நேரம் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், இரண்டிலிருந்து மூன்று மணிவரை. கடந்த சில ஞாயிறுகளில் என் மகளைக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் தலைமுடி.

அன்று சோதனை இல்லை. ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. மற்ற நாட்களில் ஏன் இருந்தது என்றும் தெரியாது.

என் மனைவி சரோஜினி முந்தின வருடம் காசநோயில் இறந்தாள். அதே நோய் எங்கள் மகள் கனகாம்பிகைக்கு மூளையின் உறையில் வந்தது. நாலு வயது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர் அம்பிகைபாகன் ஒளிக்காமல் சொன்னார்: "ஐஞ்சு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு போங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். இந்த நோயில ஒரு பிள்ளையும் தப்பினதில்லை. இப்ப ஸ்ட்ரெப்டோமைசின் வந்திட்டுது." தினமும் ஊசி. இடுப்பில், சில நாள் முதுகுத்தண்டில். மாதக்கணக்கில்.

அதன்பிறகு நான் அதிர்ஷ்டக்காரன் ஆனேன். துரை சொன்னார். பக்கத்து வீட்டு மீனம்மா சொன்னாள். ஆபீசில் தேநீர் கொண்டு வருகிறவர்கூடச் சொன்னார். சலித்துவிட்டது.

வார்டில் வரிசையாக இரும்புத் தொட்டில்கள். ஒரு சத்தமில்லை. யாழ்ப்பாணத்துக்காரியான சிஸ்டர் சந்திராதேவி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்கோ மிஸ்டர் ஆனந்தராஜா. முதல் கிழமை கூரை பறக்கக் கத்தினவள். இப்ப பாருங்கோ, தங்கம். அழுகையே இல்லை."

கனகா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் இல்லை, கன்னத்தில் சதை கூடியிருந்தது. நான் தொட்டிலருகில் போய் நின்றேன். என்னைப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்து படுத்து, சட்டையைத் தானே தூக்கி இடுப்பைக் காட்டினாள்.

ஊசிக்கு.

சிஸ்டர் சிரித்தாள். "பாத்தீங்களோ, எவ்வளவு பணிவு! ஆர் கிட்டப் போனாலும் இப்படித்தான்."

"கனகா, அப்பா வந்திருக்கிறன்."

அவள் அசையவில்லை. காத்திருந்தாள்.

அந்தப் பணிவு எனக்குத் தெரியும். சரோஜினியை எரித்துவிட்டு வந்த அன்று சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். மனோதிடம் உள்ளவன் என்று பாராட்டினார்கள். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறேன். என் பிள்ளையும் அப்படி ஆகக் கூடாது.

சட்டையை இழுத்துவிட்டு அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன். திரும்பினாள். அந்த ஒரு மணி நேரமும் அவளோடு பேசினேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுது, மிஸ்டர் ஆனந்தராஜா."

"நான் போகேல்ல."

"என்ன?"

"இவளை இப்படி விட்டிட்டுப் போகேலாது."

"இவளுக்கு என்ன குறை? காய்ச்சல் இறங்கியிருக்கு, சாப்பிடுறாள். தாய் தகப்பன் வந்து போனாத்தான் பிள்ளையள் குழம்பும், காய்ச்சல் ஏறும். அதுக்குத்தான் சட்டம்."

"வாசல்ல புட்டுக்குச் சட்டம். ரோட்டில கருவாட்டுக்குச் சட்டம். இங்க அழுகைக்கும் சட்டமோ?"

"ரங்கசாமி!"

வார்டு வேலையாள் ரங்கசாமி வந்து என் முழங்கையைப் பிடித்தார். வயதானவர். "வாங்க தம்பி. என் பொழப்பக் கெடுத்துடாதீங்க."

நான் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். படித்தவன் செய்கிற வேலையில்லைதான். கனகா என் கையைப் பார்த்தாள். ரங்கசாமியின் கையைப் பார்த்தாள். கம்பியிலிருந்து என் விரல்கள் வழுக்கின.

அவள் எழுந்து நின்றாள். என் சட்டைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். சொல் எதுவும் இல்லை, வெறும் கத்தல். விடுவிக்கப் போன சிஸ்டரின் கையைக் கடித்தாள்.

அடுத்த தொட்டிலில் ஒரு சீனக் குழந்தை தொடங்கியது. பிறகு அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் வார்டு முழுவதும்.

"கிழமைக் கணக்காப் பழக்கினது! ஒரு நிமிசத்தில கெடுத்திட்டீங்கள்!" சிஸ்டர் கையை உதறிக்கொண்டே தொட்டில் தொட்டிலாக ஓடினாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். கனகாவின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நாடி பிடித்தார்.

"இவ்வளவு தெம்பு இருக்கெண்டு நான் நினைக்கேல்ல" என்றார். பிறகு என்னிடம், "காய்ச்சல் ஏறினா நீர்தான் பொறுப்பு."

"சரி."

"கடைசி பஸ் போயிடும். பிறகு ஊரடங்கு."

"போகட்டும்."

"நாளைக்கு வேலை இல்லையோ?"

நான் தொட்டில் கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டேன். அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டரின் இரண்டு தோளிலும் இரண்டு குழந்தைகள். அவள் காலாலேயே ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"இருங்கோ! நீங்கள் நிண்டுகொண்டிருந்தா இதுகள் ஒண்டும் ஓயாதுகள்."

நான் உட்கார்ந்த பிறகும் அவை ஓயவில்லை. ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கனகா என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தாள். சின்னக் கைதான். வலித்தது.