ஒரு லட்சத்துக்கு முந்திய சத்தம்

ஸுமைரா டீச்சரின் காரில் ஒரு சத்தம் இருந்தது. பாடசாலை விட்டு, பிள்ளைகள் மூவரோடும் ஹந்தானை மலையில் இருக்கும் வீட்டுக்கு ஏறும்போது, இடப்பக்கம் ஒடுங்கித் திரும்பும் வளைவுகளில் மட்டும் அது வரும். வலது முன்சில்லுக்குள் யாரோ இருந்துகொண்டு, வெளியே விடச் சொல்லிக் கதவைத் தட்டுவது போல: டக், டக், டக்.

கணவர் முனாஸ் பேய் என்றார். பௌதிகவியல் படிப்பிக்கிற டீச்சருக்குப் பேய் தேவைப்படவில்லை. இன்ஜினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுபோவது ஓர் இரும்புத் தண்டு. சில்லோ திரும்புகிற சாமான். திரும்பிய சில்லையும் தண்டு சுற்ற வேண்டுமென்றால் இடையில் ஒரு மூட்டு வேண்டும்: ஒரு கிண்ணம், அதற்குள் ஆறு இரும்புக் குண்டுகள், குண்டுகள் ஓடுவதற்கு ஆறு பள்ளங்கள். பள்ளம் தேய்ந்துவிட்டால், சுமையோடு திரும்பும்போது குண்டு துள்ளும். அந்தத் துள்ளல்தான் டக்.

மூட்டை மாற்றினால் விஷயம் முடிந்தது. கார் வாங்கிய கொம்பனியே இலவசமாக மாற்ற வேண்டும். ஒரு லட்சம் கிலோமீற்றர் வரை வாரண்டி. திங்கட்கிழமை பல்லேகல சேவை நிலையத்தில் காரை விட்டபோது மீற்றர் 99,974 காட்டியது.

"பயப்படாதீங்க டீச்சர், இன்னும் இருபத்தாறு கிலோமீற்றர் இருக்கு," என்றார் வரவேற்பு மேசையில் இருந்த ரவிகுமார். பன்விலக்காரர், அன்பான மனிதர். "சத்தத்த எங்க ஆள் ஒருத்தர் காதால கேக்கணும். கேட்டா மாத்திக் குடுத்துருவோம்."

"நானும் கூட வந்து காட்டவா?"

"சோதனை ஓட்டத்துக்கு வாடிக்கையாளர ஏத்தக்கூடாது டீச்சர். சட்டம்."

அன்று மாலை ரவிகுமார் சந்தோஷமாகத் தொலைபேசியில் அழைத்தார். "ஸ்டேடியம் வரைக்கும் போய் வந்தேன் டீச்சர், ஆறு கிலோமீற்றர். சத்தமே இல்ல!"

செவ்வாயும் அதே சந்தோஷம். புதனும்.

"தினமுமா ஓட்டுறீங்க?" டீச்சரின் குரல் கீச்சிட்டது.

"முறைப்பாடு திறந்து இருக்கிற வரைக்கும் தினமும் ஓட்டிப் பாக்கணுமே."

"அப்ப மூடுங்க!"

"மூடுனா திரும்பத் திறக்க ஏலாது டீச்சர்."

ஸ்டேடியப் பாதை கரம் பலகை போலச் சமதரை. அதில் அந்தச் சத்தம் எந்தக் காலத்திலும் வராது. ஹந்தானைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று டீச்சர் மன்றாடினார். அதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டுமாம். வியாழன் பௌர்ணமி விடுமுறை, கார் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அனுமதி வந்தது. வாடிக்கையாளரையும் ஏற்றலாம் என்று அதில் போட்டிருந்தது. வாசிக்க டீச்சரும் முனாஸும் ஓடிப்போனார்கள். அதற்குள் காலை ஓட்டம் முடிந்திருந்தது.

99,998.

"ஹந்தானை அடிவாரத்துக்கே பன்னிரண்டு கிலோமீற்றர்," என்றார் முனாஸ். "ஜும்ஆத் தொழுகைக்கும் நேரமாகுது. வீட்டுக்குப் போவோம் ஸுமை."

டீச்சர் முற்றத்தைப் பார்த்தார். அங்கே, பழுதான வாகனங்களை முதுகில் ஏற்றும் லொறி ஒன்று நின்றது. மீற்றர் சாலையை அளப்பதில்லை. சில்லு எத்தனை தரம் சுற்றியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். பின்னால் ஓடினாலும் கூட்டும். சில்லு சுற்றாமல் உலகத்தையே வலம் வந்தாலும் அதற்குத் தெரியாது.

"காரை லொறில ஏத்துங்க," என்றார்.

முகாமையாளர் நவரட்ணராஜா விதிப் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினார். "லொறியில ஏத்தக்கூடாது எண்டு எங்கயும் போடேல்லை," என்றார் கவலையோடு.

அப்படியாக, நன்றாக ஓடக்கூடிய ஒரு கார் லொறியில் உட்கார்ந்து கண்டி நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஹந்தானை அடிவாரத்துக்குப் போனது. அங்கே டீச்சர், முனாஸ், ரவிகுமார், முகாமையாளர் நால்வரும் காருக்குள் ஏறினார்கள். மறுபடி விற்கும்போது புதிதாக இருக்க வேண்டுமென்று ஐந்து வருடமாக முனாஸ் கழற்றாத பொலித்தீன் உறை இருக்கைகளில் கரகரத்தது.

"ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றார் நவரட்ணராஜா. "பொலித்தீன் சத்தத்துக்கு வாரண்டி இல்லை."

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். முதல் வளைவு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில்:

டக், டக், டக்.

"ஓம்! கேக்குது!" நவரட்ணராஜா தொடையில் அடித்துக்கொண்டார்.

காரை லொறிக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் மீற்றர் தூங்கிவிடுமே என்றார் ரவிகுமார்.

"பிரேக்குக்குப் பலம் குடுக்கிறதும் இன்ஜின்தான் தம்பி. இந்த இறக்கத்துல அணைச்சா மீற்றரோட நாமளும் தூங்க வேண்டியதுதான்," என்றார் டீச்சர். இன்ஜினோடே இறங்கினார்கள். கீழே வந்தபோது மீற்றர் 99,999.

சேவை நிலைய வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். விபத்து வாகனம் ஏற்றிய லொறிதான் உள்ளே போகலாம். இது விபத்து இல்லை. வாரண்டிப் படிவத்தில் முத்திரை விழ, வரவேற்புக் கூடத்தில் வைத்து மீற்றரைப் படம் எடுக்க வேண்டும். கூடம் நூறு மீற்றர் தள்ளி. கடைசிக் கிலோமீற்றரில் எத்தனை மீற்றர் மிச்சம் என்று மீற்றர் சொல்லாது. நானூறாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம்.

"இது சமதரை," என்றார் டீச்சர் மெதுவாக. "தம்பி சொன்னத இங்க செய்யலாம்."

சாவியை ஒரு படி மட்டும் திருப்பினார். சுக்கான் பூட்டு விட்டது, மீற்றர் விழிக்கவில்லை. கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு நவரட்ணராஜா தள்ளினார், ரவிகுமார் தள்ளினார், தொப்பியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு முனாஸ் தள்ளினார். கண்ணாடிக்குப் பின்னால் காத்திருந்த வாடிக்கையாளர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தங்கள் கார்களுக்கும் இதே வைத்தியம்தானோ என்ற பயம் அவர்கள் முகத்தில் இருந்தது.

கூடத்தில் சாவியை முழுதாகத் திருப்பினார்கள். 99,999. படம் எடுத்தாயிற்று. முத்திரை விழுந்தது.

இனிக் காரைத் தரிப்பிடத்தில் விட வேண்டியதுதான். மீற்றர் புரளப்போவதைப் பார்க்காமல் விட யாருக்கும் மனமில்லை. நால்வரும் ஏறினார்கள். ரவிகுமார் முற்றத்தை வலப்பக்கமாக வட்டமடித்தார். நாலாவது வட்டத்தில் எல்லா ஒன்பதுகளும் சேர்ந்து புரண்டன: 1,00,000. முனாஸ் கைதட்டினார். ரவிகுமார் சுக்கானை இடப்பக்கம் முழுவதும் ஒடித்துத் தரிப்பிடத்துக்குள் திருப்பினார்.

டக், டக், டக்.

முனாஸின் கைதட்டல் பாதியில் நின்றது.

டீச்சருக்குக் காது சூடேறியது. ஹந்தானையில் காருக்கு ஏற்றமும் இருந்தது, பிள்ளைகளோடு நாலு பேரின் பாரமும் இருந்தது. இரண்டு காரணங்கள் ஒன்றாக இருந்தும், அவர் ஏற்றத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டிருந்தார். இதே பிழைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் புள்ளியை ஈவிரக்கமில்லாமல் வெட்டுகிறவர் அவர். திங்கட்கிழமையே நாலு பேர் ஏறி இந்த முற்றத்தில் இடப்பக்கமாக ஒரு வட்டம் அடித்திருந்தால் போதும்.

"சேர், இங்கயே கேக்குதே," என்றார் ரவிகுமார்.

நவரட்ணராஜா மீற்றரைப் பார்த்தார், முத்திரை விழுந்த படிவத்தைப் பார்த்தார்.

"இது ஒரு லட்சத்துக்குப் பிறகு வந்த சத்தம்," என்றார் கண்டிப்பாக. "இதை நாங்கள் எழுதேலாது. டீச்சர், உங்கட மற்றச் சத்தத்தைத்தான் மாத்தித் தருவம்."

"அது போதும் சேர்," என்றார் ஸுமைரா டீச்சர்.