கீழிருந்து வந்த பதில்

படகின் கிழிந்த பாய் அவள் முகத்தில் பளாரென்று அறைந்தது. கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் துணியை அமுக்கி முடிச்சுப் போட்டாள். இன்னொரு தடவை காற்று வாரியடித்தால் பாய் மொத்தமும் போய்விடும். பாய் போனால் அக்கரை என்பது வெறும் பேச்சு.

சுக்கான் சக்கரத்தில் அண்ணன். பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சமையல்காரர். படகில் உயிரோடு இருந்ததே இந்த மூன்று பேர்தான்.

முடிச்சு விழுந்தது. அவள் தவழ்ந்து சக்கரத்தருகே வந்து உட்கார்ந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. தளத்தில் ஓங்கி மூன்று மிதி மிதித்தாள்.

கீழே, அறைக் கூரையில், டக் டக் டக் என்று பதில் வந்தது.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

மூன்று மிதி, மூன்று தட்டு. அது இவர்கள் வீட்டு வழக்கம். அண்ணன், தங்கை, தங்கை புருஷன் என்று ஒரே குடும்பமாகப் பணக்காரர்களின் படகுகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் தொழில். சக்கரத்தில் நிற்பவர் முறை முடிந்ததும் தளத்தை மூன்று முறை மிதிப்பார். கீழே படுத்திருப்பவர் கூரையில் மூன்று முறை தட்டினால், 'எழுந்துட்டேன், வர்றேன்' என்று அர்த்தம். பதில் கேட்டதுமே மேலே இருப்பவர் இடுப்பைப் படகோடு பிணைக்கும் கொக்கியைக் கழற்றிவிட்டு வாசலுக்கு நடப்பார். அடுத்தவர் ஏறி வந்து சக்கரத்தைப் பிடிக்கும்வரை கொக்கி இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாப் படகிலும் சட்டம். வருவது நம்ம வீட்டு ஆள்தானே என்று இவர்கள் அதை எப்போதோ கைவிட்டிருந்தார்கள்.

போன வாரம் ஒரு விடியலில் அவள் புருஷன் மிதித்தான். பதில் வந்திருக்க வேண்டும்; அவன் கொக்கி கழன்று கிடந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் ஆள் வரவில்லை. பிடிக்க ஆளில்லாத படகு திரும்பிக்கொண்டது. பாயின் குறுக்குக் கம்பம் வீசி அடித்து அவனைக் கடலில் தள்ளியிருக்கும். அண்ணன் போட்ட கூச்சலில்தான் அவள் கண் விழித்தாள். பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றித் தேடியும் கடல் ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அடுத்துச் சக்கரம் பிடிக்க வேண்டிய முறை அவளுடையது. அன்று அவளுக்குக் காய்ச்சல். தட்டும் சத்தம் கனவு மாதிரி காதில் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் தன் கைதான் தட்டியிருக்கிறது, தட்டிவிட்டு மறுபடி தூங்கியிருக்கிறோம் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கரையில் மாமியார் காத்திருப்பாள். யாரும்மா பதில் தட்டினது என்று ஒரு கேள்வி கேட்பாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

"நான் பார்த்துட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

"வேண்டாம்" என்றான் அண்ணன். அந்த விடியலுக்குப் பிறகு அவன் கீழே படுப்பதே இல்லை. புழுக்கம் என்று சொல்லிச் சக்கரத்தின் காலடியிலேயே சுருண்டுகொள்கிறான்.

அவள் இறங்கினாள். பின்னாலேயே சமையல்காரரும் வந்தார். சளியோ சுளுக்கோ எதற்கும் வெந்நீர்தான் மருந்து என்பதால் அவருக்கு வெந்நீர் மாமா என்று பெயர். அறை குட்டி. அவள் படுக்கை ஒரு பக்கம், எதிரே அண்ணனுடையது. தலைமாட்டில், கூரை சரிந்து இறங்கும் இடத்துத் தட்டில், புருஷனின் எவர்சில்வர் டம்ளர் படகின் ஆட்டத்துக்கு உருண்டு கூரையில் இடித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா? நான்கூட மாப்பிள்ளைக்கு வெந்நீர் வேணுமாக்கும்னு நினைச்சேன்" என்றார் மாமா. சொன்ன பிறகு அவருக்கே அது சிரிப்பாக இல்லை.

டம்ளரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையோடு எல்லாமும் வெளியே வந்தது. தட்டியது தான்தான் என்றாள். தன் படுக்கையையும் கைக்கெட்டும் கூரையையும் காட்டினாள்.

மாமா அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீ எங்கேம்மா அன்னிக்குப் படுக்கையில இருந்தே? காய்ச்சல்ல உருண்டு விழுந்துடப் போறேன்னு நான்தானே மெத்தையைத் தரையில போட்டு உன்னைப் படுக்க வச்சுட்டு, முன்னறைக்குத் தூங்கப் போனேன். வெந்நீர் குடுத்தேனே, அதுவும் மறந்துபோச்சா?"

அவள் அப்படியே மல்லாந்து படுத்தாள். கையை உயர்த்தினாள். விரல் நுனிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறு ஒன்று ஏறி உட்கார்ந்தது. தலையைத் திருப்பி எதிர்ப் படுக்கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மாமாவும் ஏறி வந்து அவளருகே நின்றார்.

டம்ளரைக் காட்டி, சத்தம் இதுதான் என்றாள். அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவன் சிரிக்கக்கூடப் பார்த்தான்.

"அண்ணா, அன்னிக்கு நான் தரையிலே படுத்திருந்தேனாம். எனக்குக் கூரை எட்டாது."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் திசைகாட்டிக்குக் குனிந்துகொண்டான்.

டம்ளரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் தளத்தை மிதித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

காற்று விழுந்திருந்தது. படகு ஆடவில்லை. கீழே யாருமில்லை, உருள்வதற்கும் எதுவுமில்லை.

டக். டக்.

கொஞ்சம் பொறுத்து, டக்.

மாமா அவள் தோளைப் பற்றினார். அண்ணனின் கைகள் சக்கரத்திலிருந்து நழுவின. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. தளத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

"போதும் மாப்ளே. நானே சொல்லிடறேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கு உடம்பு நெருப்பா கொதிச்சுது. எழுப்ப மனசு வரலை. உன் முறையையும் நானே பார்த்துக்கலாம்னு நான்தான் தட்டினேன். தட்டிட்டு எழுந்து உட்காரக்கூடச் செஞ்சேன்..."

மறுபடி தளத்தைக் குனிந்து பார்த்தான்.

"அப்புறம் தூங்கிட்டேன்."