சுவரில் ஏறிய யுக்-சிம் அத்தை

வாய்-சிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? சாரத்தில் தொங்கித் தொங்கித் தோள் கழன்றுபோய், சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனில் தான் பிறந்து வளர்ந்த சந்தில், மூன்று மாடி உயரத்துக்கு யுக்-சிம் அத்தையின் முகத்தை வரைந்து வைத்திருக்கிறாள். சந்துக்காரர்கள் என்னடாவென்றால் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடக்கிறார்கள்.

இந்தச் சுவருக்காக அவள் போடாத சண்டையா! சுவர் கடைக்காரர் சங்கத்துடையது. அவர்கள் டிராகன்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சிவப்புப் பெயிண்ட்கூட வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். "இங்க டிராகனா குடியிருக்கு? மனுஷங்கதானே குடியிருக்காங்க!" என்று மல்லுக்கு நின்று ஜெயித்தவள் அவள். ஆயுசெல்லாம் தையல் கம்பெனியில் முதுகு ஒடிந்த அத்தையை, பழைய போட்டோ மாதிரி கறுப்பு வெள்ளையில் தீட்டினாள். சுற்றிலும் வெள்ளைச் செவ்வந்தி. கீழே கொட்டை எழுத்தில், ‘இது எங்கள் வீடு’.

அத்தை எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடி ஒற்றை அறையில் இருக்கிறாள். படம் முடிந்த அன்றே ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். நாலாம் நாள் படியிறங்கி வந்தாள்.

"ஏண்டி, உனக்கு மூக்கு தொடச்சு விட்டதுக்கு இதுவா கைம்மாறு? உசுரோட இருக்கறவள கறுப்பு வெள்ளையில போட்டு, சுத்தி வெள்ளப் பூ வைப்பாங்களா? ஊதுபத்தி ஒண்ணுதான் பாக்கி!"

"அத்தை, இது கலை. உங்களுக்குப் புரியாது."

"கலையாம் கலை! மாஜாங் காய் வச்சு ஆடக் கூப்பிடறதையே நிறுத்திட்டாளுங்க. செத்தவளோட எவ ஆடுவான்னு சிரிக்கிறாளுங்க. கலர் பூசு, இல்லேன்னா அழி."

"ஒரு சொட்டுக் கலர் சேர்க்க மாட்டேன்."

"சேர்க்காத போ! சனிக்கிழம சங்கத்துக்காரங்க வெள்ளையடிக்க வர்றாங்க. வரச் சொன்னதே நான்தான்."

வாய்-சிங்குக்கு ஆறவில்லை. டிராகன்காரர்களை ஜெயித்து, கடைசியில் படத்திலிருப்பவளிடமே தோற்பதா?

வெள்ளிக்கிழமை காலை சாரத்தைப் பிரிக்கத் தொடங்கினாள். கீழே பக்-சுன் வந்தார். அத்தையோடு ஓயாமல் மாஜாங் ஆடுகிறவர். இத்தனை நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். சுவரைப் பார்த்ததும் பை கையிலிருந்து நழுவியது. நேரே மூலைக்கடைக்குப் போனவர் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமுமாகத் திரும்பினார். பழத்தைச் சுவரடியில் அடுக்கி, பத்தியைக் கொளுத்தி, மூன்று தரம் குனிந்து வணங்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே யுக்-சிம். கோவத்தோடயே போயிட்டியே. கடைசி ஆட்டத்துல நான் ஏமாத்தினது நெசந்தான்."

எதிர் ஜன்னலில் திரை படாரென்று விலகியது.

"யோவ்! அப்பவே தெரியும்யா எனக்கு!"

பக்-சுன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்தே குலுங்கிச் சிரித்தது. வாய்-சிங் சிரிக்கவில்லை. ‘இது எங்கள் வீடு’ என்ற எழுத்தின்மேல் பத்திப் புகை ஊர்ந்துகொண்டிருந்தது. சீ, நானும் ஒரு சைனா டவுன்காரியா! வீட்டில் செத்துப்போன எத்தனை பேர் படத்துக்கு இந்தக் கையாலேயே பத்தி ஏற்றியிருக்கிறேன்! உயிரோடிருக்கிற மனுஷியை வீட்டுக்குள் குடிவைப்பதாக நினைத்து, அவளுக்குக் கருமாதி அல்லவா செய்திருக்கிறேன்!

டிராகனுக்கென்று வந்த சிவப்பு டப்பா மூலையில் மூடி திறக்காமலே கிடந்தது. திருப்புளியால் நெம்பித் திறந்தாள். யார்மேலென்று தெரியாத ஆத்திரத்தோடு மறுபடி சாரத்தில் ஏறி, அத்தையின் சட்டையில் சிவப்பை அப்பினாள்.

"பூவையும் விடாத! ஒதட்டுக்கும் போடு!" ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "கஞ்சத்தனம் பண்ணாதடி!"

"போடறேன், போடறேன், கத்தாதீங்க!"

அத்தை இறங்கி வந்தாள். பத்தியைப் பிடுங்கிச் செருப்பால் தேய்த்து அணைத்தாள். பக்-சுன்னின் பக்கத்தில், தன் படத்துக்கு நேர் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். படைத்திருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத்தானே வச்சே?" என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.