காட்டப்படாத நேவா

…அப்படியென்றால் அந்த முகத்தை இனி ஒருவரும் பார்க்கப் போவதில்லை, என்று நினைத்தபடி நின்றாள் கிளறிற்றா, கையில் அருள்மலர் மாமி திணித்துவிட்டுப் போன பற்றீஸ் தட்டு, லண்டன் மோர்டன் கோயில் மண்டபத்தில் அண்ணன் டினேஷின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கு முதல்நன்மை விருந்து, வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகப் பிள்ளைகள் கதிரைகளுக்கிடையில் ஓடுகிறார்கள், யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், இந்தச் சத்தத்துக்குள் தன் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு. பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வாசலுக்கு வந்து எடுத்தால் தயாரிப்பாளர். ஞாயிற்றுக்கிழமை எடுத்ததற்கு மன்னிக்க வேண்டும், நாளைக்குப் பத்திரிகையில் வந்துவிடும், அதற்கு முதல் தானே சொல்லிவிட நினைத்தாராம்… அவள் நடிக்கிற விண்வெளித் தொடரை டிவிச் சனல் நிறுத்திவிட்டது. எடுத்து முடித்து வைத்திருக்கிற கடைசி மூன்று வாரமும் போக மாட்டாது, அந்த நேரத்துக்குச் சமையல் போட்டி. சமையல் போட்டி! கிளறிற்றாவும் என்ன சொன்னாள்? பரவாயில்லை என்றாள். யாராவது இறந்த வீட்டில் நின்றுகொண்டு பரவாயில்லை என்பார்களா, திரும்பி வந்து முழங்காலில் இருந்தபோது சுவாமியார் என்ன வாசித்தார் என்பதே அவள் காதில் ஏறவில்லை.

ஏன் விண்வெளிக் கதை மட்டும் இப்படிச் சாகிறது, பொலிஸ் நாடகம் பத்து வருடம் போகிறது, ஆஸ்பத்திரி நாடகம் தலைமுறை தலைமுறையாகப் போகிறது, அதுகளில் ஒரு கிழமை தவறவிட்டாலும் அடுத்த கிழமை புதுப் பிணம், புது நோயாளி, யாரும் எப்போதும் உள்ளே வரலாம்… இதில் முதல் வாரத்தைத் தவறவிட்டவனுக்கு மூன்றாம் வாரம் யார் எந்தக் கிரகத்து ஆள் என்றே விளங்காது. ஒரு கப்பல் செய்கிற செலவில் இரண்டு கொலை வழக்கு எடுத்து முடிக்கலாம். முதலில் சனிக்கிழமை மாலையில் போட்டார்கள், பிறகு உதைபந்தாட்டம் வந்து தள்ளியது, ஒரு கிழமை இல்லவே இல்லை, பிறகு செவ்வாய்க்கிழமை செய்தி முடிந்த பிறகு. வீட்டை இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் விருந்தாளி எந்தக் கதவைத் தட்டுவான்? ஆட்கள் வரவில்லை என்று சொன்னார்கள். நேரத்தை யார் மாற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லைத்தான்… நடிகைக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை.

இருபது வருடம் அவள் என்னவெல்லாமோ செய்துவிட்டாள், மூலைக்கடை முதலாளியின் மனைவி, இரவு நேர்ஸ், முக்காடு போட்ட தாய், விமான நிலையத்தில் அழுகிற அகதி… அழு, ஆனால் அதிகம் பேசாதே, என்று ஒரு இயக்குநர் சொன்னது இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. இந்தத் தொடரில் அவள் நடித்த நேவா அப்படி இல்லை. நேவா ஒரு விண்கப்பலின் தலைமைப் பொறியியலாளர், கதை முழுக்க ஒருவரும் அவளைப் பார்த்து நீ எந்த ஊர், உண்மையில் எந்த ஊர், என்று கேட்கவில்லை, கதை நடக்கிற அந்த எதிர்காலத்தில் ஊர் என்ற கேள்வியே தேய்ந்து போய்விட்டது. முதல் நாள் அந்தச் சாம்பல்நிறச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது, இவள்தான் நான், இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய், என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, மேக்கப் பிள்ளை பக்கத்தில் நின்றாள். போன செவ்வாய் காட்டியதோடு சரி, நேவா கப்பலுக்கு வெளியே பழுது பார்க்கிறாள், கயிறு அறுகிறது, கையை நீட்டுகிறாள், திரை கறுப்பு. அடுத்த கிழமைதான் அந்தக் காட்சி. நேவா தனியே மிதந்தபடி மெல்ல மெல்லச் சாகிற காட்சி, தலைக்கவசத்துக்குள் முகம் மட்டும், வசனம் இல்லை. ஸ்டூடியோக் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டு, ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கேயே இரு, என்றார் இயக்குநர், அவள் இருந்தாள். கணவன் சுஜீத்தை விட்டுப் பிரிந்து ஹவுன்ஸ்லோவில் தனி வீடெடுத்த முதல் மாதம் நினைவுக்கு வந்தது, படுத்திருக்கத் தலைக்கு மேலால் ஒவ்வொரு விமானமாக இறங்குகிற சத்தம், அதில் ஒன்றிலும் தனக்கு யாரும் இல்லை என்ற நினைப்பு… கீழே இறக்கியபோது விளக்குப் பிடித்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் அப்படி வந்தது. அதுதான் இப்போது எங்கோ ஒரு கணினிக்குள், பூட்டியபடி.

மாமி திரும்ப வந்துவிட்டா, சாப்பிடேல்லையோ பிள்ளை என்று தொடங்கி நாடகத்துக்கு வந்தா. பேப்பரில படம் பார்த்தவவாம், நல்ல எடுப்பா இருந்ததாம். “நாங்கள் இன்னும் துவங்கேல்ல பிள்ளை. முழுக்க வரட்டும், ஒரேயடியாப் பாப்பம் எண்டு வைச்சிருக்கிறம். உந்த விண்வெளிக் கதையளை நம்பேலாது, பாத்துக்கொண்டிருக்க நடுவில நிப்பாட்டிப் போடுவாங்கள்.” ஓம் மாமி, என்றாள் கிளறிற்றா. வேறென்ன சொல்வது, நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பார்க்காமல் இருக்கிறார்கள், பார்க்காததால் நிறுத்துகிறார்கள், எந்த நுனியில் தொடங்கியது இது? மாமியில் கோபப்படவும் முடியவில்லை. சுஜீத்தோடு வாழ்ந்த வீட்டில் அவளும்கூட ஒரு சுவருக்கு நிறம் பூசவில்லை, ஒரு படம் மாட்டவில்லை, இது நிலைக்கட்டும், பிறகு பார்ப்போம், என்று… சீ, அதை ஏன் இங்கே இழுக்கிறாய். அந்தப் பக்கம் அம்மா மரியநாயகி யாரோ ஒரு புதுக் குடும்பத்துக்கு மகளைக் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தா, ஓம், டிவியில வாறவதான், அடுத்த வருசமும் வருமாம். எப்போது அம்மாவிடம் சொல்வது, கேக் வெட்டிய பிறகா, காரிலா, நாளைக்குப் பத்திரிகையே சொல்லட்டும் என்று விட்டுவிடுவதா.

அப்பா கிறிஸ்துநாயகம் சுவரோரம் தனியே இருந்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனுசன், ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும், அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமையில் அம்மா படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, விளம்பரமெல்லாம் சேர்த்து, போகிற நேரத்திலேயே பார்க்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தா. சனல் கேட்டது அப்படிப்பட்ட ஆட்களைத்தான். ஆனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கிற பெட்டி எல்லா வீட்டிலுமா இருக்கிறது, தெரிந்தெடுத்த சில வீடுகளில்தான், அப்பா விழித்திருந்த விழிப்பு ஒரு கணக்கிலும் விழுந்திராது. பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தாள். அப்பா அவளுடைய தட்டைப் பார்த்தார், பிறகு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது, கேட்பதற்கு முதல் தொண்டையைச் செருமுகிற பழக்கம்.

“போன கிழமை கயிறு அறுந்து போச்சு,” என்றார்.

“ஓம் அப்பா.”

“நீ திரும்பி உள்ளுக்கு வருவியோ?”

சொல்லிவிடலாம், இல்லை அப்பா, நேவா சாகிறாள், அதுதான் நான் நடித்ததிலேயே நல்லது, அதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள், நீங்களும்… அப்பாவின் கண் அவளில் இல்லை, தரையில் இருந்தது, கை கதிரைப் பிடியைப் பிடித்திருந்தது. செவ்வாயிலிருந்து இந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறார், போன் எடுத்துக் கேட்கலாம்தானே, கேட்கவில்லை. இவருக்காவது அந்தக் காட்சி போகாமல் இருப்பது நல்லதா? இவர் பார்க்காதவரைக்கும் நேவா சாகவும் இல்லை, வரவும் இல்லை, கையை நீட்டியபடி அப்படியே… அதை இவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை, காட்டவே கூடாது என்றும்.

“வருவன், அப்பா.”

அப்பா தலையாட்டினார். “அப்ப சரி,” என்றார், எழுந்து கோழிக்கறி இருந்த மேசைப் பக்கம் போனார், இவ்வளவு நேரமும் அவர் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் அங்கேயே இருந்தாள். நாளைக்கு அவருக்குத் தெரிந்துவிடும், ஏன் பொய் சொன்னாய் என்று அப்பா கேட்கிற ஆள் இல்லை, அது வேறு… மைக்கில் டினேஷ் எல்லாரையும் கேக் மேசைக்குக் கூப்பிட்டான், கதிரைகள் பின்னால் தள்ளுப்பட்டன. மற்ற எல்லா நாடகத்துக்கும் அப்பா, அந்த நேர்ஸ் பிள்ளை, அந்தக் கடைக்காரி, என்றுதான் சொல்லுவார், ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. நேவாவைத்தான் கேட்டாரா? ஹவுன்ஸ்லோவுக்குப் போனபிறகு தானும் ஒரு கிழமையாவது அப்பா அம்மாவின் மோர்டன் வீட்டில் வந்து நிற்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. வருவன் என்று எந்தக் கேள்விக்குச் சொன்னாள், அது அவளுக்கே தெரியவில்லை.