சோல் வகையறா

போன வருசம் பார்மசி படிப்பின் வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், தேவிப்ரியா கோட்டை விட்டது ஒரே ஒரு வார்த்தையால்தான். திருச்சியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த எக்ஸ்டர்னல் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அட்டெனலால் எந்த கிளாஸ்?" என்று கேட்டார். அந்த மருந்து எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது கேள்வி. பயந்துபோய் உட்கார்ந்திருந்தவளுக்கு கிளாஸ் என்றால் பெஞ்சும் போர்டும்தான் ஞாபகம் வந்தன. "செகண்ட் இயர்ல வருது சார்" என்றாள், ரொம்பப் பணிவாக. அவர் பேனாவை மூடினார். அரியர் விழுந்தது.

இது வெளியே தெரியாமலாவது இருந்திருக்கலாம். புதுக்கோட்டையிலிருந்து வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் வந்து சேர்வதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் போய் இறங்கிவிட்டது. புருசன் ரெங்கராஜ் நல்ல மனுசன், ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் பிரகதீஸ்வரிதான் வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து பார்த்து, "வெள்ளைக் கோட்டு பத்திரமா இருக்கா அண்ணி? அந்துருண்டை போட்டு வைங்க, பூச்சி அரிச்சிறப் போவுது" என்பாள். பாஸ் ஆவதற்கு முன்னாலேயே கோட்டைத் தைத்து வைத்தது தப்புத்தான். ஆசை யாரை விட்டது?

திருமயத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி கவுன்ட்டரில் ஒரு இடத்தை அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். ஆனால் வியாபாரி எத்தனை நாள் காத்திருப்பார்? "இந்தத் தடவையாச்சும் பாஸ் பண்ணிட்டு வந்துருங்கம்மா. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாக்கணும், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கோபமில்லை, இவளுக்குத்தான் அழுகையாக வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து எல்லோரிடமும் "அக்கா" பட்டம் வாங்கிப் படித்த படிப்பு இது.

மக்கு என்று அவளை யாரும் சொல்லிவிட முடியாது. யாருக்கு யார் என்ன முறை, எந்த வீட்டுக்காரர் எந்த வீட்டில் கை நனைக்க மாட்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மருந்துப் பேர்தான் காலையில் படித்தால் சாயங்காலம் கலைந்துவிடும்.

அதற்கு ஒரு வழி பிறந்தது குலதெய்வக் கோயில் கெடாவெட்டில்தான். வாசலில் வரிசையாக பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். வெள்ளையன் வகையறா, மூக்கன் வகையறா, ஆண்டி வகையறா. முன்னால் என்ன பேர் இருந்தாலும் பின்னால் என்ன வகையறா என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கறிக்குழம்பு ஊற்ற வந்தவர் இலை முன்னால் காத்து நிற்க, தேவிப்ரியா வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பேருக்கும் வால்தானே வகையறா!

அன்று முதல் மருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் எல்லாம் லால் வகையறா. பேரைக் கேட்டால் வடக்கத்தி சேட்டுக் குடும்பம் போலிருக்கும், இதயத்தை நிதானமாக நடக்கச் சொல்லும். எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் பிரில் வகையறா. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவந்து சேர்க்கும். வாசலில் நின்று இருமிவிட்டு உள்ளே வரும் பெரிய மாமனார் வீட்டுக்கு அந்தப் பேரைக் கொடுத்தாள். அம்லோடிபின் டிபின் வகையறா. சிலருக்குக் கால் வீங்கும், பேர்தான் டிபனே தவிரப் பசியாறாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகையறாவைப் படிக்கும்போது பிரகதீஸ்வரியின் முகம் தானாக வந்து நின்றது. அது மறக்கவே இல்லை.

ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளிக்குள் சம்பந்தம் கிடையாது. ஆகவே ஒரே வகையறா மருந்து இரண்டை ஒரு நோயாளிக்குச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு சுலபமான பாடத்தை இத்தனை தடிப் புத்தகமாகப் போட்டவர்கள் மேல் அவளுக்குக் கோபமே வந்தது.

இந்த முறையை அவள் சொல்லிக் கொடுத்தது கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் நாஜியாவுக்கு. அந்தப் பெண்ணுக்கு முதல் படியிலேயே இடித்தது. "எங்கள்ல சித்தப்பா மகனைக் கட்டிக்கிறது உண்டேக்கா. என் அக்காவே அப்படித்தான்."

"ஒங்க கணக்கு வேற. பரீட்சை முடியிற வரைக்கும் எங்க கணக்கை வச்சுக்க."

வைவா அன்று வராந்தாவில் நிற்கும்போது நாஜியா மறுபடி கேட்டாள். "அக்கா, சோல்னு முடியிறது ஏகப்பட்டது இருக்கே. எல்லாம் ஒரே வகையறாவா?"

"வால் ஒண்ணுன்னா வகையறா ஒண்ணுதான்டி. கடைசி நேரத்துல கொழப்பாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே அதே எக்ஸ்டர்னல். அதே பேனா. பக்கத்தில் காலேஜ் மேடம் சுடர்விழி, எப்படியாவது ஒப்பேற்றிவிடம்மா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே சீட்டுல பான்டோப்ரசோல், மெட்ரோநிடசோல் ரெண்டும் டாக்டர் எழுதியிருக்கார். குடுப்பியாம்மா?"

"குடுக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

"பங்காளிங்க சார்."

சுடர்விழி மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"யாரு பங்காளி?"

"ரெண்டு பேரும் சார். சோல் வகையறா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அதன் பின் மூடி மறைக்க ஏது வழி? லால் முதல் ஸ்டாடின் வரை முழு விவரத்தையும் கொட்டிவிட்டாள். நாத்தனாரை மட்டும் விட்டுவிட்டாள்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சரி. பூச்சி மாத்திரை அல்பென்டசோலும் சோல்தான். வயித்துப் புளிப்புக்கும், சீதபேதிக்கும், வயித்துப் பூச்சிக்கும் ஒரே கிளாஸ் மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கையில் எடுத்தார்.

அந்த மூடியைப் பார்த்ததும் தேவிப்ரியாவுக்குக் கோட்டு, கவுன்ட்டர், அந்துருண்டை எல்லாம் கண் முன்னால் வந்தன. கூடவே, சம்பந்தமில்லாமல், ஒரு தட்டு பஜ்ஜியும் வந்தது. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைய பஜ்ஜி அது. ரெங்கராஜ் வீட்டார் "நாங்க மூக்கன் வகையறா" என்றதும், இவள் சித்தப்பா "நாங்களும் அதேதாங்க, பங்காளிக்குள்ள எப்படி?" என்று கடித்த பஜ்ஜியோடு எழுந்துவிட்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சியாகிப் போக இருந்த நேரம், கூட்டத்தில் யாரோ ஒருவர் கேட்டார்: "ஒங்களுக்கு எந்தக் கோயில்?" அவர்களுக்கு ஏரிக்கரை அய்யனார், இவர்களுக்கு மந்தைக் கருப்பர். மூக்கன் ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஆறிப்போன பஜ்ஜியைத் தின்று கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள்.

"சார், மூடாதீங்க சார்!" என்றாள். குரல் வராந்தா வரை கேட்டது. "சோல் ஒண்ணுதான் சார், கோயில் வேற!"

"கோயிலா?"

"வேலை செய்யிற எடம் சார். ப்ரசோல்னு முடிஞ்சா வயித்துல அமிலம் சுரக்கிறதை நிறுத்தும். நிடசோல்னா சீதபேதிக் கிருமியைக் கொல்லும். பென்டசோல் பூச்சிக்கு, கோனசோல் படை, பூஞ்சைக்கு. கடைசி எழுத்தை மட்டும் பார்த்தது என் தப்பு சார். வாலை இன்னும் கொஞ்சம் நீளமாப் பிடிக்கணும். அந்தச் சீட்டுக்கு ரெண்டையும் குடுக்கலாம் சார்."

மூடி மேசைக்கு இறங்கியது. ஆனால் மனுசன் விடவில்லை. "எனலாப்ரில், டெல்மிசார்டான். வால் வேற வேற. சம்பந்தம் பண்ணிரலாமா?"

தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். இந்தத் தடவை கோயிலை முதலில் விசாரித்தாள். "கூடாது சார். பேருதான் வேற. ரெண்டும் ரத்தக் குழாயை இறுக்குற ஒரே சங்கதியைத்தான் தடுக்குது. கோயில் ஒண்ணு சார். சேர்த்தா கிட்னிக்கு ஆகாது."

சுடர்விழி மேடம் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். எக்ஸ்டர்னல் ஏதோ எழுதினார். எழுதியவர் நிமிராமலே கேட்டார். "அட்டெனலால் எந்த கிளாஸ்?"

அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது! தேவிப்ரியாவுக்குக் காது சூடாகியது. "பீட்டா பிளாக்கர் சார்." வாய் சும்மா இருக்குமா? "செகண்ட் இயர்லதான் சார் வருது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார். "போம்மா. கடையில வந்து நிக்கிறவங்ககிட்ட பங்காளின்னு சொல்லிறாத, சண்டைக்கு வந்துருவாங்க. கோட்டு கீட்டு இருந்தா தேய்ச்சு வை."

வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே ரெங்கராஜுக்கு போன் போட வேண்டும் போலிருந்தது. பிரகதீஸ்வரிக்கு அதற்கும் முன்னால். அவள் போனைத் தேடுவதற்குள் நாஜியாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் நாஜியா முக்காட்டைச் சரிசெய்தபடி திகைத்துப் போய் வெளியே வந்தாள்.

"என்னடி கேட்டாரு?"

"பான்டோப்ரசோல் எந்தக் கோயில்னு கேக்குறாருக்கா! என்கிட்டப் போயி!"

"அய்யய்யோ. நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? வயித்து ஜமாத்துன்னு சொல்லிட்டேன்" என்றாள் நாஜியா. "ஃபுல் மார்க் போட்டுட்டாருக்கா."