கசப்பு வெள்ளரியில் ஒரு தராத்தோர்

என் மனைவி ருமியானா எட்டு மாதத்துக்குப் பிறகு இத்தாலியிலிருந்து மதியம் இரண்டு மணி பஸ்ஸில் வருகிறாள். அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இன்னும் ஒரு வருஷம் இருப்பாளா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். "போகாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊர் விராட்சாவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஹாரன் அடிக்கத் தெரியும், பேசத்தான் தெரியாது.

போனில் அவள் கேட்டது ஒன்றுதான், தயிரில் வெள்ளரி போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கும் சூப்.

"கறியெல்லாம் வேணாம். தராத்தோர் செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வை, போதும். ஆனா வெள்ளரிக்கா நம்ம தோட்டத்துதா இருக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல மே மாதம் நான் விதைத்த வெள்ளரி. தினமும் சாயங்காலம் போனில், "தண்ணி ஊத்துனியா?" என்பாள். "ஊத்திட்டேன்" என்பேன், நாற்காலியை விட்டு எழாமலே. நாலு நாளைக்கு ஒருமுறை ஊற்றினேன் என்பதே தாராளமான கணக்கு.

காலையில் ஒரு காயை நறுக்கி வாயில் போட்டேன். மாத்திரையை மென்ற மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம்.

மேல்மாடி பென்கா சதகுப்பைக் கீரை கொண்டுவந்தவள், ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள்.

"தண்ணி காட்டாத காய்டா இது! ஒரு வாய் தின்னா அவளுக்குத் தெரியாதா?"

போய்த் தன் தோட்டத்துக் காய் நாலு எடுத்துவந்தாள்.

"இதப் போடு. உன்னோடதுன்னு சொல்லு."

"அக்கா, ருசியா இருந்தா, 'இவன் தனியாவே நல்லாத்தான் இருக்கான்'னு நிம்மதியா திரும்பிப் போயிடுவாளே?"

"அப்ப கசக்கவே செய்யி. எதத் தின்னு தொலையறியோன்னு பயந்துபோய் இங்கயே இருப்பா." சிரித்துக்கொண்டே படியேறிவிட்டாள்.

பூண்டையும் உப்பையும் மர உரலில் நசுக்கினேன். தயிரை முள்கரண்டியால் அடித்து, குளிர்ந்த தண்ணீர் விட்டேன். எண்ணெய், கீரை. மேஜையில் இரண்டு குவியல் வெள்ளரி. பென்காவுடையது பளபளவென்று இருந்தது. என்னுடையது என்னைப்போலவே நடுவில் தொந்தியும் இரண்டு முனையிலும் சுருக்கமுமாக இருந்தது. எட்டு மாதமாகப் போனில் நான் நன்றாகத்தான் இருந்தேன். எதிரே உட்கார வைத்துக்கொண்டும் அதையே சொல்ல வேண்டுமா? என் காயை எடுத்துப் பொடியாக நறுக்கினேன்.

ருமியானா மெலிந்திருந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு கரண்டி வாயில் வைத்தாள். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளாச்சு தண்ணி ஊத்தி?"

"அஞ்சு."

"தினம் ஊத்துறேன்னு சொன்னியே மெத்தோடி?"

"சொன்னேன்."

"வேற என்னென்ன சொன்ன? தினம் சமைச்சு சாப்பிடுறேன்னியே?"

"பாதி நாள் ரொட்டியும் தக்காளியும்."

"நல்லா தூங்குறேன்னு?"

"டிவி முன்னாடி நாற்காலியில. கட்டில்ல தூக்கம் வரல." தொண்டையைச் செருமினேன். "நீ போக வேணாம், ருமி."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தாள். அவள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது கரண்டியே எடுத்திருக்க மாட்டேன்.

"வால்நட் எங்க?"

மறந்தே போயிருந்தேன்.

"வால்நட்டும் போடல! எந்திரி, ரப்பர் குழாய எடு. வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குப் போவோம். இன்னியிலிருந்து தினம் ஊத்துனா செப்டம்பர்ல நல்ல காய் வரும்."

"செப்டம்பர்லயா?" என்றேன். அவளுடைய பஸ் டிக்கெட் திரும்பிப் போவதற்கும் சேர்த்து எடுத்தது. தேதி அடுத்த புதன்கிழமை.

"ஏன், அதுவரைக்கும் நான் இருந்தா உனக்கு இடைஞ்சலா?"

குழாயைத் தேடப் போனேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.